மெருகும் மெழுகும்

தமிழில் மெருகு என்றொரு சொல் உண்டு. மெழுகு என்றொரு சொல்லும் உண்டு. இரண்டுக்கும் இடையே ஓரெழுத்துதான் வேறுபாடு. மாணவர்கள் இவற்றை மாற்றி எழுதிவிட்டால் சிவப்பு மையால் திருத்திவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுவது எங்கள் வழக்கம். அந்த ஓரெழுத்துக்குள் ஒரு பெரிய வேற்றுமை ஒளிந்துகிடக்கிறது என்பதை நாங்கள் அறிந்துகொண்டது வகுப்பறையில் அன்று. யானைக்கவுனியில் மதிலோரம் நிற்கும் பதினாறு வயதுக் காரைக் கழுவும்போதுதான் அது புலப்பட்டது. உரைத்து எடுப்பதால் வருவது மெருகு. பூசிச் சேர்ப்பது மெழுகு. ஒன்று பொருளின் உடம்பிலிருந்து கழிக்கிறது. மற்றது அதன்மேல் கூட்டுகிறது. இரண்டும் ஒரேமாதிரி பளபளக்கும் என்பதால்தான் குழப்பம்.

யானைக்கவுனியை அறியாத வாசகர்களுக்காகச் சில சொற்கள். கவுனி என்றால் கோட்டைவாயில். பதினெட்டாம் நூற்றாண்டில் ஹைதர் அலியின் படைகளுக்கு அஞ்சி, அன்று கறுப்பர் நகரம் எனப்பட்ட பகுதியைச் சுற்றிக் கம்பெனியார் எழுப்பிய மதிலின் வாயில்களுள் ஒன்று இங்கே இருந்தது. மதில் போய்விட்டது. அதற்காகக் குடிகளிடம் தண்ட எண்ணிய வரி மட்டும் வால்டாக்ஸ் சாலை என்ற பெயரில் நிலைத்துவிட்டது. எங்களுக்கு ஒருபுறம் சென்ட்ரலிலிருந்து பேசின் பிரிட்ஜ் நோக்கி விரியும் இருப்புப்பாதைகள். மறுபுறம் சௌகார்பேட்டைச் சந்துகள். கிழக்கே துறைமுகம். வடக்கே இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று ஆலைகளும் கிடங்குகளும் கடலோரமாகவே நீண்டுபோகின்றன.

இந்த வடபகுதிக்கும் காருக்கும் உள்ள உறவு பழையது. 1948இல் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில்தான் ஆஸ்டின் கார்களைக் கோத்து விற்றது. முதல் ஏ40 கார் 1949இல் வெளிவந்தது. 1955இல் அந்நிறுவனம் அசோக் லேலண்ட் ஆயிற்று. காரின் இடத்தை லாரி பிடித்துக்கொண்டது. இன்று துறைமுகத்தை நோக்கி வரிசைகட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகளைப் பார்ப்பவர்களுக்கு, இந்த மண்ணில் ஒருகாலத்தில் சிறிய உருண்டை முதுகுக் கார்கள் பிறந்தன என்று சொன்னால் வியப்பாக இருக்கும். பாடநூல்கள் காரை மகிழுந்து என்கின்றன. மீன்பாடி வண்டியும் தள்ளுவண்டியும் ஆட்டோவும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகும் எங்கள் தெருவில் அதை ஓட்டிப் பார்த்தவர்கள் அப்படியொரு பெயரைச் சூட்டியிருக்கமாட்டார்கள்.

எங்கள் கார் ஆல்டோ. வெள்ளிச் சாம்பல் நிறம். எங்கள் அப்பா 2009இல் பணி ஓய்வு பெற்றபோது கையில் வந்த பணத்தில் வாங்கியது. அவர் பேசின் பிரிட்ஜில் ரயில் பெட்டிகளைப் பராமரிக்கும் பணிமனையில் கலாசியாகச் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றவர். பெட்டிகள் செங்கல் நிறத்தில் ஓடிய காலத்திலிருந்து நீலநிறம் வந்த காலம்வரை கழுவியும் கழுவுவித்தும் கழிந்த வாழ்க்கை. ஆகவே, ஒரு பொருளைக் கழுவுவது எப்படி என்பதில் எங்கள் வீட்டில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை.

அவருடைய முதல் விதி, காய்ந்த காரைத் துணியால் தொடக்கூடாது என்பது. எங்கள் பகுதியில் மாதச் சம்பளத்துக்கு வண்டி துடைக்கும் தம்பிகள் விடியற்காலையில் வந்து, ஒரே துணியால் பத்து வண்டிகளைத் துடைத்துவிட்டுப் போவார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. தண்ணீர் கொடுப்பவர் யாரும் இல்லை. ஒருநாள் எங்கள் மகன் அவர்களைப் பார்த்துத் தானும் துணியை எடுத்தபோது அப்பா திண்ணையிலிருந்து குரல் கொடுத்தார். "டேய் கண்ணு, மொதல்ல தண்ணி, அப்புறந்தான் துணி. காஞ்ச தூசிய தொடச்சா அது துணியில்ல, உப்புத்தாளு."

இதைவிடச் சுருக்கமாக ஒரு வேதியியல் ஆசிரியராலும் விளக்கியிருக்க முடியாது. தெருத்தூசியில் இருப்பது பெரும்பாலும் மணல், அதாவது சிலிக்கா. அனல்மின் நிலையச் சாம்பலும் சிலிக்காவும் அலுமினாவும் உருகிக் குளிர்ந்த நுண்ணிய கண்ணாடி உருண்டைகள்தாம். இவற்றைத் துணிக்கும் வண்ணப்பூச்சுக்கும் இடையே வைத்து அழுத்தினால், வெயில் சாய்வாக விழும்போது சிலந்திவலைபோல் வட்டவட்டமாகக் கீறல்கள் தெரியும். ஆகவே முதலில் தண்ணீரை மேலிருந்து மெல்ல ஊற்றித் தூசியை இளகவிட வேண்டும். பிறகு கூரை, கண்ணாடி, முன்மூடி, கதவுகள் என்று மேலிருந்து கீழே வரவேண்டும். சக்கரங்கள் கடைசி, அவற்றுக்குத் தனித்துணி. இரண்டு வாளிகள் தேவை. ஒன்றில் சோப்பு நீர். மற்றதில் வெறும் நீர். அழுக்கான துணியை வெறும் நீரில் அலசிய பிறகே சோப்பு நீரில் நனைக்க வேண்டும். பாத்திரம் துலக்கும் சோப்பு ஆகாது. எண்ணெய்ப் பிசுக்கோடு, முன்பு பூசிய மெழுகையும் அது பெயர்த்துக்கொண்டு போய்விடும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பனியன் கழிவுத்துணியில் தையல் முடிச்சுகள் இருக்கும் என்பதால் அதற்கும் தடை. மைக்ரோஃபைபர் துணி வருவதற்கு முன்னால், பலமுறை துவைத்து நைந்த வேட்டிதான் எங்கள் வீட்டில் கார்த்துணி.

கழுவி முடித்தபின் அப்பா செய்யும் ஒரு சோதனையை வாசகர்களும் செய்துபார்க்கலாம். ஒரு மெல்லிய பாலிதீன் பையைக் கைவிரல்களில் மாட்டிக்கொண்டு, சுத்தமாகத் தோன்றும் முன்மூடியின்மேல் மெதுவாகத் தடவ வேண்டும். வெறுங்கைக்கு வழவழப்பாகத் தெரிந்த இடம் இப்போது ரவையைத் தொட்டதுபோல் நறநறக்கும். எங்கள் காரில் அப்படி நறநறப்பவற்றுள் இரும்புத்தூள் உண்டு. ரயிலின் சக்கரமும் தண்டவாளமும் பிரேக்குக் கட்டையும் உராயும்போது தெறிக்கும் துகள்கள், சூடாக வந்து வண்ணப்பூச்சில் பதிந்து, அங்கேயே துருப்பிடித்து, வெள்ளிச் சாம்பல் நிறத்தின்மேல் மஞ்சள்கலந்த செம்புள்ளிகளாக நிற்கும். உலகெங்கும் கார் பராமரிப்புத் தொழிலில் இருப்பவர்கள் இதை ரயில் தூசி என்றே அழைக்கிறார்கள். வார்ப்பிரும்புக் கட்டைகள் இருந்த நாளில் பெட்டிகளின் அடிப்பகுதி முழுவதும் இந்தச் செம்பொடி அப்பிக்கிடக்கும் என்பார் அப்பா. கழுவினால் போகாது. இதற்கென்று களிமண்போல் பிசையத்தக்க ஒரு கட்டி விற்கிறார்கள். சோப்பு நீர் தெளித்துக்கொண்டே அதை வண்ணத்தின்மேல் வழுக்கவிட்டால் துகள்களைக் கவ்விக்கொண்டு வந்துவிடுகிறது. முடிந்ததும் கட்டியைப் பார்த்தால் அதில் புள்ளி புள்ளியாகக் கறுப்பும் செம்மையும். இந்தத் தெருவில் ஓராண்டு நின்றதன் கணக்கு என்று அதைச் சொல்லலாம்.

கணக்கு என்றவுடன் நீர்க்கணக்கு நினைவுக்கு வருகிறது. எங்கள் வீட்டுக்குச் சற்றுத் தொலைவில்தான் ஏழுகிணறு. வள்ளலார் நெடுங்காலம் வாழ்ந்த வீராசாமித் தெரு அங்கேதான் இருக்கிறது. கோட்டைக்குள் இருந்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோவதற்காகக் கம்பெனியார் 1772இல் அங்கே நீர்த்திட்டம் தொடங்கினார்கள். மதிலுக்குள் ஊற்றெடுத்த நீர் கோட்டைக்குப் போயிற்று. இன்று அதே சுற்றுவட்டாரத்தில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்புக் கரிக்கிறது. அந்த நீரால் காரைக் கழுவி அப்படியே உலரவிட்டால் ஒவ்வொரு துளியும் ஒரு வெள்ளை வளையத்தை விட்டுவிட்டுப் போகும். அதனால் முதல் ஊற்றலுக்கு மட்டும் கிணற்று நீர். கடைசி அலசலுக்குக் குழாய் நீரில் அரை வாளி. உடனே துடைத்து உலர்த்திவிடுவது என்று எங்கள் வீட்டில் ஓர் ஒழுங்கு உண்டு.

குழாயில் ரப்பர் குழலை மாட்டிப் பத்து நிமிடம் பீய்ச்சினால் நூறு லிட்டருக்குமேல் போய்விடும். வாளியால் கழுவினால் முப்பது, நாற்பது லிட்டரில் முடியும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டுபோய், அவ்வாண்டு ஜூலை 12ஆம் நாள் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு முதல் தண்ணீர் ரயில் வந்தது. ஐம்பது வேகன்கள், 25 லட்சம் லிட்டர். அன்று செய்தித்தாளை மடித்துவைத்துவிட்டு அப்பா ஒரு கணக்குப் போட்டார். குழலால் கழுவினால் அந்த ரயில் முழுவதும் 25,000 கார்களுக்குச் சரி. இந்த மாநகரில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலைக்கு அது போதுமா என்று கேட்டார். அவ்வாண்டு கோடை முழுவதும் எங்கள் கார் கழுவப்படவில்லை. காற்றடித்து வண்ணத் தொட்டிபோல் தெருவில் நிற்கும் பிளாஸ்டிக் குடங்களின் வரிசைக்கு நடுவே அது மண்நிறத்தில் நின்றது. 2024 மார்ச்சில் பெங்களூரு குடிநீர் வாரியம், குடிநீரில் கார் கழுவினால் ஐயாயிரம் ரூபாய் அபராதம் என்று அறிவித்தபோது எங்கள் வீட்டில் யாருக்கும் வியப்பு ஏற்படவில்லை.

இனி மெருகுக்கு வருவோம். பழைய அம்பாசிடர் காரின் வண்ணத்தை மெருகுப்பசையால் தேய்த்தவர்களுக்குத் தெரியும். வண்டி என்ன நிறமோ அந்த நிறம் துணியில் ஏறும். அன்றைய பூச்சில் நிறமே மேல்தோல். எவ்வளவு தேய்த்தோமோ அவ்வளவு இழந்தோம் என்பது கண்ணெதிரே துணியில் தெரிந்தது. கை தானாக நின்றுவிடும். இன்றைய கார்களில், குறிப்பாக உலோகப்பொடி கலந்த நிறங்களில், நிறத்தின்மேல் கண்ணாடிபோல் நிறமற்ற ஒரு பூச்சு இருக்கிறது. அதன் கனம் பொதுவாக 40 முதல் 50 மைக்ரான்; நம் தலைமயிரின் கனத்தைவிடக் குறைவு. மெருகிடுவது என்பது நுண்ணிய பொடியால் அந்தப் பூச்சைத் தேய்த்து, கீறலின் அடிமட்டம்வரை மேல்மட்டத்தை இறக்குவதுதான். கீறல் நிரம்புவதில்லை, கீறலைச் சுற்றியிருந்த நிலம் தாழ்த்தப்படுகிறது. இயந்திரத்தால் ஒருமுறை மெருகிட்டால் ஒன்றிரண்டு மைக்ரான் போகும். அழுத்தித் தேய்த்தால் இன்னும் கூடுதல். ஆனால் துணி வெள்ளையாகவே இருக்கிறது. போனது நிறமற்றது என்பதால் போனதே தெரிவதில்லை. வண்டி மட்டும் பளபளவென்று புதிதாகிவிடுகிறது. இழக்க இழக்கப் புதிதாகத் தோன்றும் ஏற்பாடு இது. ஒருநாள் அந்தப் பூச்சு தீர்ந்து, கூரையில் வெளிர் திட்டுகள் தோன்றி, தோல் உரிவதுபோல் உரியும்போதுதான் கணக்குத் தெரியவரும்.

2024இல் காருக்குப் பதினைந்து ஆண்டு நிறைந்து பதிவைப் புதுப்பிக்க வேண்டி வந்தது. அதற்கு முன்பாக ஒரு பட்டறையில் காட்டினோம். இடப்பக்கக் கதவில் ஒரு மீன்பாடி வண்டி இழுத்துவிட்டுப் போன நீண்ட கீறல் இருந்தது. டிங்கரிங் செய்து, பட்டி வைத்து, கதவுக்கு மட்டும் வண்ணம் அடிப்பதாகவும், வண்டி முழுவதையும் பஃபிங் செய்தால் ஷோரூம் வண்டிபோல் ஆகிவிடும் என்றும் பட்டறைக்காரர் சொன்னார். நல்ல மனிதர், பொய் சொல்லவில்லை. அப்படித்தான் ஆகியிருக்கும். அப்பா கூரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ஏற்கெனவே இரண்டுமுறை பஃபிங் ஆன வண்டி. "இதுக்குமேல உரிக்க இதுல ஒண்ணுமில்லப்பா. மூடி வெச்சுக்கிட்டாப் போதும்" என்றார்.

அதற்குச் சில மாதங்கள் முன்னால்தான் அவருடைய நுரையீரலைப் பார்த்த மருத்துவர் ஏறக்குறைய இதையே எங்களிடம் சொல்லியிருந்தார். இளமையில் பிடித்த பீடியும் வயதும் சேர்ந்து உள்ளே செய்துவைத்திருந்ததைத் திருப்பிச் சரிசெய்ய வழியில்லை; இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம்; தூசி கூடாது, புகை கூடாது, இன்ஹேலரைத் தவறவிடக்கூடாது. தூசி கூடாது என்றால் யானைக்கவுனியில் எங்கே போவது என்று நாங்கள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. பட்டறையில் அப்பா அந்தச் சொற்களைத் தெரிந்து சொன்னாரா, தற்செயலாகச் சொன்னாரா என்று நாங்கள் வீட்டுக்கு வரும்வழியில் பேசிக்கொள்ளவும் இல்லை.

காற்றில் வருவதைக் குறைக்க முடியாதா என்றால், முடியும். இந்தப் பகுதி அதைக் கண்டிருக்கிறது. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கப்பட்ட காலத்தில் இராயபுரம் வீடுகளின் மொட்டைமாடிகளில் துணி காயப்போட முடியாது. மக்கள் முறையிட்டு, வழக்காகி, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2011இல் அங்கே நிலக்கரியும் இரும்புத்தாதும் கையாள்வது நிறுத்தப்பட்டது. ஆனால் அந்த நிலக்கரி வடக்கே எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போயிற்று. எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம் இருக்கிறது. அந்தப் பக்கத்திலிருந்து எங்கள் கல்லூரிக்கு வரும் மாணவர்கள் கொடியிலிருந்து துணியை எடுக்கும்போது இரண்டுமுறை உதறுவதைப் பழக்கமாகவே சொல்வார்கள். ஒரு தெருவின் மேலிருந்து துடைத்த கறுப்பு இன்னொரு தெருவின்மேல் படிகிறது. காரைக் கழுவிய நீருக்கும் இதே கதைதான். எங்கள் தெருவின் மழைநீர் வடிகாலில் விழும் சோப்பும் எண்ணெயும் பக்கிங்காம் கால்வாய்க்குப் போகும், அங்கிருந்து கடல். ஆகவே அப்பா கழுவிய நீரை வடிகாலில் ஊற்றவிடாமல், வாளியை ஓரமாக வைத்து, வண்டல் அடியில் தங்கியபின் மேல்நீரை அடுத்த முறை சக்கரங்களுக்குப் பயன்படுத்துவார். அடியில் நிற்கும் வண்டலைச் செய்தித்தாளில் வழித்துக் குப்பையில் போடுவார். உலகத்தைத் திருத்தும் செயல் அன்று இது. ஆனால் போவது என்ன, எங்கே போகிறது என்பது கண்ணில் படுகிறது. அந்த அளவில் இது நேர்மையான கழுவல்.

மெழுகுவதற்கு வருவோம். மெழுகு என்ற சொல் பெயராகும்போது தேனீயின் மெழுகு; வினையாகும்போது தரையைச் சாணத்தால் பூசுதல். புறநானூற்றின் 249ஆம் பாட்டில் கணவனை இழந்தவள் முறத்தளவு இடத்தை மெழுகுகிறாள். அதற்கு நீர் அவள் கண்ணீர். நீரில்லாத இடத்திலும் மெழுகுதல் நின்றுவிடுவதில்லை. தேய்ந்த தரைக்கு ஒரு புதுத்தோல் கொடுக்கும் செயல் அது. எதையும் சுரண்டி எடுப்பதில்லை. பழையதன்மேல் படலமாகப் படிந்து, தேயவேண்டிய நேரத்தில் தரைக்குப் பதிலாகத் தான் தேய்கிறது.

கார்மெழுகும் அப்படித்தான். அதில் சிறந்ததாகக் கருதப்படுவது பிரேசிலின் வடகிழக்கே வளரும் கார்னௌபா என்ற பனைவகையின் ஓலையிலிருந்து கிடைப்பது. நம் பனையின் உறவு. அந்த வறண்ட நிலத்தில் மழையில்லாத மாதங்களில் தன் ஓலையிலிருந்து நீர் ஆவியாகிப் போகாமலிருக்க மரம் தானே சுரந்து பூசிக்கொள்ளும் மெழுகு இது. ஓலையை வெட்டி, வெயிலில் உலர்த்தி, அடித்து உதிர்த்தால் பொடியாக விழும். இயற்கை மெழுகுகளில் மிகக் கடினமானது. உருகுவதற்கு 80 பாகை செல்சியசுக்குமேல் வெப்பம் வேண்டும். அதனால் எண்ணெயும் தேன்மெழுகும் கலந்து இளக்கி டப்பியில் அடைக்கிறார்கள். மிட்டாயின் பளபளப்பும் சில மாத்திரைகளின் பளபளப்பும் இதே மெழுகால்தான். அந்தப் பனங்காடுகளில் கொத்தடிமைக்கு நிகரான நிலையில் இருந்த தொழிலாளர்களைப் பிரேசில் அரசின் ஆய்வாளர்கள் மீட்ட செய்திகளும் உண்டு. எந்தப் பளபளப்பும் எங்கோ ஒருவர் சுவாசிக்கும் தூசியிலிருந்துதான் வருகிறது போலும். இதையெல்லாம் படித்துச் சொன்னபோது அப்பாவுக்கு ஒன்றே ஒன்று பிடித்தது. தண்ணீரைக் காப்பதற்காக ஒரு மரம் செய்துகொண்ட மெழுகை, குழல்வைத்துத் தண்ணீரை வாரியிறைத்துக் கழுவிய வண்டியில் பூசுகிறார்களே என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகி நிற்கக் கொஞ்ச நேரமாயிற்று.

பூசும் முறையையும் சொல்லிவிடுகிறோம். வெயில் இருக்கக்கூடாது, தகடு கைக்குக் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். விரல்நுனியளவு எடுத்து, பஞ்சுத்திண்டில் வைத்து, ஒரு நேரத்தில் ஒரு கதவு என்று மிக மெல்லியதாகப் பரப்ப வேண்டும். கனமாகப் பூசினால் கூடுதல் நாள் நிற்கும் என்பது பொய். துடைத்தெடுக்கத்தான் கூடுதல் பாடு. மங்கலாகப் புகைபடிந்ததுபோல் ஆனதும் சுத்தமான துணியால் மெதுவாகத் துடைக்க வேண்டும். பிறகு நீர் தெளித்தால் துளிகள் தாமரையிலைமேல் நிற்பதுபோல் உருண்டு நிற்கும். ஆறு முதல் எட்டு வாரங்கள் தாங்கும். அப்படிப் பூசிய வண்டியில் தூசி ஒட்டிப்பிடிக்காது. அடுத்த கழுவலுக்கு ஒரு வாளி குறையும். மெழுகின் மெய்யான பயன் அதுதான். பளபளப்பு கூட வந்தது.

இடப்பக்கக் கதவின் கீறலை நாங்கள் பஃபிங் செய்யவில்லை. துருப்பிடிக்காமலிருக்க அந்தக் கோட்டின்மேல் மட்டும் மெல்லிய தூரிகையால் வண்ணம் தொட்டுவைத்து, அதன்மேல் மெழுகு பூசியிருக்கிறோம். கிட்டத்தில் நின்று பார்த்தால் கீறல் தெரியும். பதிவு 2029வரை புதுப்பிக்கப்பட்டுவிட்டது. இப்போது வாளி தூக்குவது நாங்கள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு திண்ணையின் உட்பக்கமாக நாற்காலி போட்டு அமர்ந்திருப்பது அப்பா. தூசி இளகித் தண்ணீர் வழிந்து முடியும்வரை அவர் வெளியே வரக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். மெழுகு பூசும் கட்டத்தில் தூசி இல்லை என்பதால் அந்த ஒரு வேலையை மட்டும் அவருக்கென்று வைத்திருக்கிறோம். ஒரு கதவை முடிக்க முன்பு ஆனதைப்போல் மூன்று மடங்கு நேரம் ஆகிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் இன்னொருமுறை பூசவேண்டும். டப்பியில் கால்பங்கு மீதமிருக்கிறது. அது போதும் என்கிறார்.